அருவியின் தலையில் ஒரு வீடு

அமெரிக்காவில், பென்சில்வேனியாக் காட்டில் ‘பேர் ரன்’ என்ற ஓடையின் அருவிமேல் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய வீட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இயற்கையோடு இசைந்த வீடு என்றால் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் படம் அருவிக்குக் கீழே நின்று எடுத்தது. குடியிருப்பவருக்கு அதில் என்ன லாபம்?

கட்டச் சொன்ன பிட்ஸ்பர்க் வியாபாரி காஃப்மன், அருவியைப் பார்த்தபடி வீடு அமையும் என்றே எண்ணியிருந்தார். ரைட்டோ 1935-இல் அருவியின் தலைமேலேயே வரைந்து கொடுத்துவிட்டார். ஆகவே உள்ளே இருப்பவர் அருவியைக் காதால்தான் அனுபவிக்க வேண்டும். இதைக் குறையென்பவர்கள் உண்டு. எனக்கு ரைட்டின் மேதை அங்கேதான் தெரிகிறது. நித்தம் பார்க்கிற காட்சி ஒரு மாதத்தில் சுவர்க் காலண்டராகிவிடும். நீரின் ஓசை கோடையில் இளைக்கும், மழையில் பருக்கும். கூடத்திலிருந்து ஒரு படிக்கட்டு நேரே ஓடைக்கு இறங்குகிறது. கணப்பருகே மலைப்பாறை தரைக்கு மேலே தலைநீட்டிக் கிடக்கிறது. அதை வெட்டாமல் விட்டார்களே, அது பெரிய காரியம்!

நீரின்மேல் நீட்டிய கான்கிரீட் மேடைகளை மட்டும் என்னால் அப்படிப் புகழ முடியவில்லை. அருவிக்குச் செவிகொடுத்த மனிதர், எச்சரித்த எஞ்சினியர்களுக்குச் செவிகொடுக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் கூடுதல் கம்பி போட்டும், முட்டுகளை எடுத்ததுமே மேடை தொய்ந்தது. 2002-இல் எஃகு வடங்களை இழுத்துக் கட்டித்தான் நிறுத்த முடிந்தது. பாறைக்கு இருந்த மரியாதை பாரத்துக்கு இல்லாமல் போயிற்று.