மிதவையும் முள்ளும்

பழைய காருக்குப் புது பெட்ரோல் மீட்டர் மாட்டுவதைச் சில்லறை வேலை என்பார்கள். உண்மையில் அது இரு கருவிகளை ஒரே மொழி பேச வைக்கும் கலை. டேங்க்கில் மிதவை ஏறி இறங்க, அதன் கை மெல்லிய சுருள்கம்பியை உரசியபடி நகர்ந்து மின்தடையை மாற்றுகிறது. முள் அதைத்தான் படிக்கிறது. 1960-களின் பிற்பகுதி ஜிஎம் கார்களில் காலி டேங்க்குக்கு 0 ஓம், நிறைந்ததற்கு 90. அக்கால ஃபோர்டில் காலிக்கு 73, நிறைவுக்கு 10. அப்படியே தலைகீழ். மாற்றி இணைத்தால் முள் பொய் சொல்லும்.

குச்சி விட்டுப் பார்த்தால் போதாதா என்பார்கள். நிற்கும் வண்டிக்குப் போதும். ஓடும் வண்டிக்கு உதவாது. அசல் அழகு கெடுமே என்ற கவலை நியாயமானது. பழைய மீட்டருக்குப் பொருந்தும் மிதவையை மட்டும் மாற்றினால் டேஷ்போர்டு அப்படியே இருக்கும். வாங்குமுன் ஓம் அளவைப் பாருங்கள்; எர்த் வயரைத் துருவில்லாத இரும்பில் இறுக்குங்கள்.