அரிச்சந்திரனின் கடன்

அரிச்சந்திர நாடகத்தை வாய்மையின் வெற்றியாகவே நாம் கற்றும் கற்பித்தும் வருகிறோம். இளமையில் அதனைக் கண்டு உருகியதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் பெற்ற புகழை நாம் அறிவோம். ஆயின், ஹுன்னஸ்கிரியவின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவருக்கு இதனைக் கற்பிக்கும் ஆசிரியன் வாய்மையோடு நின்றுவிட முடியாது. இது மனிதர் விற்கப்படும் நாடகம். கணவனையும் மனைவியையும் கடன் பிரிக்கும் நாடகம்.

விசுவாமித்திரனுக்குத் தரவேண்டிய பொன்னுக்காகச் சந்திரமதியும் மகன் லோகிதாசனும் காசியில் விலைபேசப்படுகின்றனர். அக்கடன் தீர்ந்தபின்னும், வசூலிக்க வந்தவனின் தரகுக் கூலி எஞ்சி நிற்கிறது. அதற்காக அரசன் சுடலை காக்கும் அடிமையாகத் தன்னையே விற்றுக்கொள்கிறான். வாக்குக் கொடுத்தவன் அரிச்சந்திரன். முதலில் விலைபோனவளோ வாக்கேதும் கொடாத சந்திரமதி. அவளது கற்பை வியக்கும் நம் வகுப்பறைகள் இந்த அநீதியைப் பேசுவதில்லை.

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. எனினும் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தமிழ்த் தொழிலாளி, கங்காணி கொடுத்த முன்பணத்தால் கடனாளியாகவே வேலையைத் தொடங்கினான். அக்கடனைக் குறித்த ‘துண்டு’ இன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போதல் அரிது. புதிய துரை கடனைச் செலுத்தியே அவனைப் பெற்றார். 1921இல்தான் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. காசித் தெருவின் கடனும் தரகும் மலையக மாணவனுக்குப் பழங்கதை அல்ல. அவனுடைய முன்னோரின் வரலாறு.

நாடகத்தின் உச்சம் சுடலையில் நிகழ்கிறது. பாம்பு தீண்டி இறந்த மகனை எரிக்கத் தாய் வருகிறாள். கால் பணமும் முழத்துண்டும் கேட்டுத் தடுப்பவன் அவள் கணவன். தாலியால் அவளை அறிந்தபின்னும் தன் பங்கை மட்டுமே அவனால் விடமுடிகிறது. ஆண்டானின் பங்கை விட அவனுக்கு உரிமை இல்லை. ஆண்டான் அங்கே இல்லை. அவனுடைய சட்டம் அடிமையின் வாயால் பேசுகிறது. அடிமைத்தனத்தின் கொடுமையை இதைவிடத் தெளிவாக நம் மேடை காட்டியதில்லை.

ஆனால் நாம் யாருக்காக அழுகிறோம்? 1695இல் தாமஸ் சதர்ன் ஆங்கில மேடைக்கு எழுதிய ‘ஒரூனோக்கோ’விலும் மனைவியைப் பிரிந்து அடிமையாகும் நாயகன் ஓர் இளவரசனே. அரசன் தாழ்ந்தான் என்றால் அரங்கம் கண்ணீர் விடுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சுடலை காக்கும்படி சாதியால் விதிக்கப்பட்டவனுக்கு அந்தக் கண்ணீரில் பங்கில்லை. முடிவில் தேவர்கள் வந்து மகனையும் முடியையும் மீட்டுத் தருகின்றனர். பட்டதெல்லாம் சோதனை என்கின்றனர். சுடலைத் தொழிலோ அப்படியே இருக்கிறது.

ஆதலால் மயான காண்டத்தை ஒதுக்க வேண்டாம். இன்னும் ஊன்றிப் படிப்போம். சந்திரமதியை விற்கும் உரிமையை யார் கொடுத்தது, அரிச்சந்திரன் நாடு திரும்பிய மறுநாள் சுடலையில் நின்றவன் யார் என்று மாணவர் கேட்கட்டும். வாய்மையைப் போற்றும் நாடகத்திடம் உண்மையைக் கேட்பது அதற்கு நாம் செய்யும் மரியாதையே.