உவகைக் கலுழ்ச்சி

முதுகலை முதலாண்டுக்குப் புறநானூறு நடத்தும்போது 278ஆம் பாட்டுக்கு மட்டும் இரண்டு வகுப்புகள் எடுத்துக்கொள்வேன். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. போரில் உன் மகன் புறங்காட்டினான் என்று பலரும் சொல்லக் கேட்ட முதிய தாய் ஒருத்தி, அது உண்மையானால் அவன் பால்குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று சினந்து வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு சிதைந்து கிடக்கிற மகனைக் காண்கிறாள். அவனைப் பெற்ற நாளில் அடைந்ததைவிடப் பெரிய மகிழ்ச்சி அடைகிறாள். திணை தும்பை, துறை உவகைக் கலுழ்ச்சி. மகிழ்ச்சி மிகுதியில் வரும் அழுகை என்று பொருள். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக அடிக்கடி வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு மாணவி வந்து நின்றாள். வேலூர்ப் பக்கத்துப் பெண். ராணுவத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்புகிற ஊர்கள் அங்கே உண்டு. “மேம், அந்தம்மா சந்தோஷப்பட்டாங்கன்னு யார் சொல்றா? பாட்டுல அவங்க வாயால பேசறது அந்த சபதம் ஒண்ணுதானே?”

அவள் சொன்னது சரி. ‘அறுத்திடுவேன்’ என்பது தாயின் பேச்சு. மகிழ்ந்தாள் என்பது புலவரின் கூற்று. மகனைக் கண்ட பிறகு அந்தத் தாய் ஒரு சொல்லும் பேசவில்லை. இருபது ஆண்டுகள் அந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன், வீரத்தாய் என்ற படிமத்தை உடைத்துக் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். இது என் கண்ணில் பட்டதில்லை.

அந்தக் கேள்வியோடுதான் நான் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் ‘துத்தநாகப் பையன்கள்’ நூலை இரண்டாம் முறை எடுத்தேன். முதல்முறை வாசித்தது 1992இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. இம்முறை கையில் இருந்தது 2017இன் புதிய மொழிபெயர்ப்பு. இதன் பின்பகுதியில் அந்த நூலின்மீது நடந்த வழக்கின் ஆவணங்களும் இருக்கின்றன. நான் இங்கே எழுத நினைப்பது பெரும்பாலும் அந்தப் பின்பகுதியைப் பற்றித்தான்.

சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது 1979 டிசம்பர் கடைசியில். வெளியேறியது 1989 பிப்ரவரி 15இல். சோவியத் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 15,000 பேர். முதல் சில ஆண்டுகள் அங்கே போர் நடப்பதாகவே மக்களுக்குச் சொல்லப்படவில்லை. நம் பிள்ளைகள் மரம் நடுகிறார்கள், பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதே நேரத்தில் ‘கறுப்புத் துலிப்’ என்று படைவீரர்கள் பெயர் வைத்த விமானங்களில் துத்தநாகப் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. ராணுவக் குறிமொழியில் அவை ‘சரக்கு 200’. பெட்டி பற்றவைத்து மூடப்பட்டிருக்கும். திறக்கக் கூடாது. சத்தமில்லாமல் புதைக்க வேண்டும். கல்லறையில் ‘சர்வதேசக் கடமையாற்றுகையில் உயிர்நீத்தார்’ என்று பொறிக்கலாம். எங்கே என்பது இருக்காது.

பிறகு காற்று மாறியது. கோர்பச்சேவ் காலத்தில் அவர்கள் வீரர்கள் ஆனார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது, பள்ளிகளில் நினைவு மூலைகள் வைத்தார்கள். 1989 ஜூனில் மக்கள் பிரதிநிதிகள் பேரவையில் அறிவியலாளர் சாகரவ், சோவியத் ஹெலிகாப்டர்கள் சொந்தப் படைவீரர்களையே சுட்டதாகத் தான் முன்பு சொன்னதற்காகக் கண்டிக்கப்பட்டார். போரில் கால்களை இழந்த பிரதிநிதி ஒருவர் மேடையேறிக் கண்டிக்க, அவை எழுந்து நின்று கைதட்டியது. அதே பேரவைதான் ஆறே மாதத்தில், அந்த டிசம்பரில், படை அனுப்பிய முடிவு அறத்தாலும் அரசியலாலும் கண்டிக்கத்தக்கது என்று தீர்மானம் போட்டது. வீடு கேட்டும் உதவித்தொகை கேட்டும் அலுவலகப் படியேறிய முன்னாள் வீரர்களுக்குக் கிடைத்த பதில் அந்நாட்டில் ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது: ‘நாங்களா உங்களை அங்கே அனுப்பினோம்?’

பத்தாண்டுக்குள் ஒரே சாவுக்கு மூன்று பெயர்கள். முதலில் ரகசியம், அப்புறம் தியாகம், கடைசியில் பிழை. ஒவ்வொரு பெயருக்கும் தாய் தன் அழுகையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அலெக்ஸியேவிச்சின் நூல் தாயில்தான் தொடங்குகிறது. ஆனால் அவள் மகன் சாகவில்லை. உயிரோடு திரும்பி வந்தவன், ஊரில் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறான். கொன்ற ஆயுதம் அம்மா சமையலறையில் இறைச்சி வெட்டுகிற சிறு கோடரி. காலையில் அதைக் கொண்டுவந்து அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறான். காலில்லாமல் திரும்பிய மகனின் தாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்கிறாள் அவள். மகனுக்குக் கல்லறையாவது இருக்கிறவளைப் பார்த்துக்கூட. போர் முடிந்து எந்தப் பொருளின் வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பதை இதைவிட நேராகச் சொன்ன இன்னொரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. நூலின் மற்ற பக்கங்களில் படைவீரர்கள், விதவைகள், செவிலியர், தாய்மார்கள் மாறி மாறிப் பேசுகிறார்கள். செவிலியராகப் போய் வந்த பெண்களுக்கு ஊரில் கிடைத்தது கண்சாடைப் பேச்சு. பணத்துக்குப் போனாளா, ஆம்பளை தேடிப் போனாளா? அந்தப் பக்கங்களுக்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும். நம் மாணவிகள் யாராவது எழுதலாம்.

நூலின் பகுதிகள் பத்திரிகையில் வந்து, நாடகமாகவும் மேடையேறிய பிறகு, மின்ஸ்க் நகர நீதிமன்றத்தில் ஆசிரியர்மீது வழக்கு வந்தது. 1993இல் விசாரணை. வழக்குத் தொடுத்தவர்களில் முன்னாள் படைவீரர்களும் இருந்தார்கள், மகனைப் பறிகொடுத்த தாய்மார்களும் இருந்தார்கள். அதே நூலில் மனம் திறந்து பேசியவர்கள். நான் சொன்னதைத் திரித்துவிட்டார், என் மகனைக் கொலைகாரனாகக் காட்டிவிட்டார், என் கண்ணீரில் புகழ் தேடிக்கொண்டார் என்பது புகார். சட்டத்தில் அந்த வழக்கின் வகைக்குப் பெயர், மானத்தையும் கண்ணியத்தையும் காக்கும் வழக்கு.

முதல் வாசிப்பில் இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் எழுத்தாளர் பக்கம். தாய்மார்களை அதிகாரிகள் தூண்டிவிட்டிருக்கிறார்கள், பாவம், அவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். ராணுவத்தின் கை பின்னால் இருந்ததாக அலெக்ஸியேவிச்சும் சொல்லியிருக்கிறார்; அதை நம்பாமலிருக்கக் காரணம் எனக்கில்லை. ஆனால் ‘அவர்களுக்குத் தெரியவில்லை’ என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு எவ்வளவு எளிதாக வந்தது என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

நீதிமன்றத்தில் அலெக்ஸியேவிச் அந்தத் தாயைப் பார்த்துத்தான் பேசுகிறார். நாம் சந்தித்த நாள் நினைவில்லையா என்கிறார். சின்ன வீட்டுக்குள் பெட்டி இருந்தது, நெடுநெடுவென வளர்ந்த என் பிள்ளை இதற்குள் எப்படி அடங்குவான், உள்ளே இருப்பது நீதானா என்று கேட்டுக்கொண்டே நீங்கள் அழுதீர்கள், அப்போது என்னிடம் உண்மையை எழுதச் சொன்னீர்கள் என்கிறார். தாய்க்கு இப்போது அந்த உண்மை வேண்டாம். மகன் வீரனாக வேண்டும்.

இந்த இடத்தில் எல்லா விமர்சகர்களும் சொல்வது, அதிகாரத்தின் கதையை அவள் உள்வாங்கிக்கொண்டாள் என்பது. நானும் சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை. பெட்டியைத் திறக்க விடாதவர்கள், மகனின் உடம்பையே அவளுக்குக் கொடுக்காதவர்கள், பதிலுக்குக் கொடுத்தது ‘வீரன்’ என்ற ஒரே ஒரு சொல். பிறகு நாடே அது பிழை என்று தீர்மானம் போட்டு அந்தச் சொல்லையும் பிடுங்கிக்கொண்டது. தீர்மானம் போட்டவர்கள்மீது அவள் வழக்குத் தொடுக்க முடியாது. அனுப்பியவர்கள் மீதும் முடியாது. அவர்களில் சிலர் செத்தே போயிருந்தார்கள், அந்த நாடே 1991இல் இல்லாமல் போயிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து தன்னருகே உட்கார்ந்து சேர்ந்து அழுத இன்னொரு பெண் மட்டும்தான்.

நச்செள்ளையாரின் தாயும் களத்துக்குப் போனது ஊரார் பேச்சால்தான். பலர் சொன்னார்கள், அவள் மானம் விசாரணைக்கு வந்தது, சான்று தேடி வாளோடு புறப்பட்டாள். அவளுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது: பிணத்தைப் புரட்டிப் பார்க்க முடிந்தது. காயம் மார்பிலா முதுகிலா என்று அவளே பார்த்தாள். மின்ஸ்க் தாயிடம் இருந்தது பற்றவைத்த பெட்டி. இன்னொரு வேறுபாடும் உண்டு. மகிழ்ந்தாள் என்று எழுதிய நச்செள்ளையார்மீது அந்தத் தாய் வழக்குப் போடவில்லை.

இதனால் அலெக்ஸியேவிச் செய்தது தவறு என்று நான் சொல்லவரவில்லை. அந்த நூல் இல்லையென்றால் அந்தப் போர் இன்றும் மரம் நட்ட கதையாகவே இருந்திருக்கும். படைவீரர் ஒருவரின் புகாரை நீதிமன்றம் ஓரளவு ஏற்றது, தாயின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆவணத்துக்கும் இலக்கியத்துக்கும் எல்லை எது என்ற விவாதமும் அங்கே நடந்தது. எனக்கு அந்த விவாதத்தைவிட முக்கியமாகப் படுவது வேறு. வாய்மொழி வரலாறு சேகரிக்கிற நாம், ‘குரலற்றவர்களுக்குக் குரல்’ என்று ஆய்வேட்டின் முன்னுரையில் எழுதுகிற நாம், குரல் கொடுத்தவள் திரும்பி வந்து ‘இது என் குரல் இல்லை’ என்றால் என்ன செய்வோம்? என் மேற்பார்வையில் முடிந்த ஆய்வேடுகளில் எதிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி இல்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

மின்ஸ்கில் ஸ்விஸ்லாச் ஆற்றுத் தீவில் 1996இல் நினைவுச்சின்னம் திறந்தார்கள். கண்ணீர்த் தீவு என்று மக்கள் அழைக்கிறார்கள். நடுவில் சிற்றாலயம், சுற்றி நிற்பவை மகனையும் கணவனையும் அண்ணனையும் இழந்த பெண்களின் உருவங்கள். சாவைச் சொல்ல அரசுக்கு மறுபடியும் அழும் பெண்கள்தான் தேவைப்பட்டார்கள். சிலை பேசாது என்பது ஒரு வசதி. ரஷ்யாவில் வேறு தாய்மார்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பிழை. 1989இல் தொடங்கிய படைவீரர் தாய்மார் குழு, 1995இல் செச்சென் போரின் நடுவே குரோஸ்னியை நோக்கி நடந்தது. பிள்ளைகளைத் திருப்பி அழைத்துவரப் போனவர்கள் அவர்கள்.

நூலின்மீது எனக்கு இருக்கும் குறை வேறொரு இடத்தில். ஆப்கன் தரப்பில் செத்தவர்கள் ஏறத்தாழப் பத்து லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களின் தாய்மார்கள் இந்த நூலில் பெரும்பாலும் இல்லை. காபூல் மருத்துவமனையில் தான் கொடுத்த கரடி பொம்மையை ஒரு குழந்தை பல்லால் கவ்வி வாங்கியதையும், போர்வையை விலக்கினால் அதற்கு இரு கைகளும் இல்லாதிருந்ததையும் அலெக்ஸியேவிச் 2015 நோபல் உரையில் நினைவுகூர்கிறார். உங்கள் ரஷ்யர்களின் குண்டு என்று அங்கே பதில் வருகிறது. அந்தக் குழந்தையைப் பிடித்திருந்த பெண்ணுக்கு ஒரு முழு அத்தியாயம் தந்திருந்தால் மின்ஸ்க் நீதிமன்றத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதைக் கேட்கிற தகுதி எனக்கு உண்டா என்றும் யோசிக்கிறேன். அந்த மாணவி கேள்வியோடு நிற்கவில்லை. அவள் பெரியப்பா இந்திய அமைதிப்படையில் போய் இலங்கையில் செத்தவர். 1987க்கும் 1990க்கும் இடையில் அங்கே 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். படை திரும்பிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அன்று தமிழ்நாட்டில் நியாயமான கேள்வி. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியருமாக 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அந்தப் படை. அது பெண்களுக்குச் செய்ததை ‘முறிந்த பனை’யில் எழுதிவைத்த ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் பக்கங்களை வாசித்தவள் நான். அந்தப் படையில் செத்த ஒருவனின் தாய் என் மாணவியின் ஆயா.

“வீட்ல ஃபோட்டோவுக்கு மாலை போட்டிருக்கும் மேம். யாராவது எங்க செத்தாருன்னு கேட்டா ஆயா, ‘பார்டர்ல’ன்னு மட்டும் சொல்லும். எந்த பார்டர்னு சொல்லாது. சின்ன வயசுல நான் காஷ்மீர்னு நெனச்சிட்டிருந்தேன்.”

பெட்டி வந்ததா, சாம்பல் வந்ததா என்று நான் கேட்கவில்லை. ஆயாவிடம் பேசிப் பதிவுசெய்யலாமே என்று வாய்வரை வந்தது. மின்ஸ்க் நினைவுக்கு வந்து சொல்லாமல் விட்டேன். அது நாகரிகமா கோழைத்தனமா என்று இன்றுவரை தெரியவில்லை. யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் பக்கங்களும் இந்த ஆயாவின் ‘பார்டரும்’ ஒரே புத்தகத்துக்குள் வருமா, வந்தால் யார் யார்மீது வழக்குப் போடுவார்கள் என்றும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அவளாகவே தன் ஆய்வுத் திட்டத்துக்கு அதைத் தலைப்பாகக் கேட்டாள். ஆயா ஒத்துக்கொண்டால் என்றேன். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. வேறு தலைப்பு எடுத்தாள்.

அந்தப் பருவத் தேர்வில் உவகைக் கலுழ்ச்சி கேள்வி வந்தது. பாடநூலில் இருந்த விளக்கத்தையே பிழையில்லாமல் எழுதியிருந்தாள். இரண்டு மதிப்பெண் போட்டேன்.