மணியாச்சியில் வண்டி மாறுகிறவர்கள்

மதுரையிலிருந்து தெற்கே வரும் தண்டவாளம் மணியாச்சியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருநெல்வேலிக்கு, மற்றது தூத்துக்குடிக்கு. ஊர் சின்னது, ஸ்டேஷன் பெரிசு. ஒரு காலத்தில் குருவாயூர் எக்ஸ்பிரஸின் தூத்துக்குடிப் பெட்டிகளை இங்கேதான் கழற்றுவார்கள். கப்ளிங் விடுபடும் ‘டணார்’ சத்தத்தில் பாதித் தூக்கம் கலைந்தவர்கள், “நம்ம பெட்டி போயிருச்சா?” என்று ஜன்னல் வழியே கேட்பார்கள். எனக்கு அது அலுக்காத நாடகம்.

1911 ஜூன் 17 அன்று, போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இதே ஸ்டேஷனில்தான். பிறகு பிளாட்பாரக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். இன்று மஞ்சள் பலகையில் ‘வாஞ்சி மணியாச்சி’ என்று மூன்று மொழிகளில் இருக்கிறது. கவுன்ட்டரில் மட்டும், “மணியாச்சி ஒண்ணு குடுங்க” என்பதோடு சரி.

வசதி என்றால் குழாய்த் தண்ணீர், சிமெண்ட் பெஞ்சு. மத்தியான வெயிலில் பெஞ்சு கொதிக்கும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் துண்டை விரிப்பார்கள்; தெரியாதவர்கள் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்திருப்பார்கள். நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன்.