கசாயம் குடித்தால் எதிர்ப்புச் சக்தி பெருகுமா?

மழைக்காலம் வந்து காய்ச்சல் பரவினால் திருமுடிவாக்கத்து வீட்டு அடுப்புகளிலும் நிலவேம்புக் குடிநீர் கொதிக்கும். 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே இதை மக்களுக்கு வழங்கியது. 2020-இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரும் வழங்கப்பட்டது. இவை 'நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்கிறார்கள். இந்தச் சொல்லைச் சற்று ஆராய்வோம்.

எதிர்ப்புச் சக்தி என்பது தொட்டியில் நிரப்பும் தண்ணீர் அன்று. அது பலவகை உயிரணுக்களும் எதிர்ப்புப் பொருள்களும் சேர்ந்து இயங்கும் ஓர் ஏற்பாடு. அது அளவு மீறினால் தன் உடலையே தாக்கும். முடக்குவாதம் அவ்வாறு வருவதே. டெங்குக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உடலில் உண்டான எதிர்ப்புப் பொருளே, பின்னர் வேறொரு வகை தொற்றும்போது நோயைக் கடுமையாக்கக்கூடும். ஆகவே, எதைப் பெருக்குவது?

"குடித்தேன், குணமானேன்" என்பார் பலர். டெங்கு கண்டவர்களில் பெரும்பாலோர் எந்தக் கசாயமும் இன்றியே தேறிவிடுவர். குடித்தவரையும் குடிக்காதவரையும் ஒப்பிடாமல் பயனைக் கூற முடியாது. இன்னோர் ஆபத்தும் உண்டு. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே கண்டம். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 'கசாயம் வேலை செய்துவிட்டது' என்று வீட்டிலிருப்பது உயிருக்கே கேடு.

மூலிகைதானே, தீங்கில்லை என்பதும் சரியன்று. கபசுரக் குடிநீரில் சேரும் சரக்குகளில் சீந்தில் ஒன்று. சீந்திலை உட்கொண்டு கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். அது சீந்திலை ஒத்த வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். அப்படியே இருக்கட்டும், கடைப் பொடியில் இருப்பது எந்தக் கொடி என்று நாம் அறிவது எப்படி?

மூலிகையை இகழ்வது நம் நோக்கமன்று. சீன மூலிகை ஒன்றிலிருந்து மலேரியா மருந்தாகிய ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்த தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய நூலில் குறிப்பைக் கண்டார். அத்துடன் நில்லாமல் சோதித்தார். நமக்கு அருகே தாம்பரம் சானடோரியத்திலும் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. நிலவேம்புக்கும் அத்தகைய சோதனையையே கேட்போம்.

இனி யாரேனும் 'எதிர்ப்புச் சக்தி பெருகும்' என்றால், எந்த நோய்க்கு, எவ்வளவு, யாரோடு ஒப்பிட்டுக் கண்டது என்று கேளுங்கள்.