வசனத்திலிருந்து வாழ்க்கைக்கு: வேத வாசிப்பின் சில வழிகள்

வேலையை விடலாமா, சொத்துத் தகராறில் விட்டுக்கொடுக்கலாமா, பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற கேள்விகளோடு வேதத்தைத் திறப்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. இவற்றுக்கு நேர் விடை பெரும்பாலும் அங்கே இருக்காது. அதனால், எப்படி வாசிப்பது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்தவ வரலாற்றில் இதற்குப் பல வழிகள் உருவாகியுள்ளன.

கண்ட பக்கத்தைத் திறந்து, கண்ணில் பட்ட வசனத்தை ஏற்றுக்கொள்வது மிகப் பழைய வழி. 386ஆம் ஆண்டில் மிலானில் ஒரு தோட்டத்தில் அகுஸ்தீன் அப்படித்தான் ரோமர் நிருபத்தைத் திறந்தார்; அவர் வாழ்க்கை திசை மாறியது. ஆனால் அதற்கு முன்பே அவர் மிலான் ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டு, பவுலின் நிருபங்களை ஊன்றிப் படித்து, நெடுநாள் தமக்குள் போராடியிருந்தார். உலகக் காரியங்களுக்காக நற்செய்திப் பக்கங்களில் குறி பார்ப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். 506இல் இன்றைய தெற்குப் பிரான்சின் ஆக்டே நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அந்தப் பழக்கத்தைக் கண்டித்தது.

இரண்டாவது வழி, நாளுக்கொரு வசனம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 1728இல் சின்சென்டார்ஃப் பிரபு மொரேவியச் சகோதரர்களுக்கு அன்றன்றைக்கு ஒரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் சீட்டுப் போட்டே எடுக்கிறார்கள். அவற்றுக்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேர்ந்து சேர்க்கிறார்கள். தமிழ்ச் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் வாங்கும் வாக்குத்தத்த அட்டையும் இதே ஆவலில் பிறந்ததுதான். அந்த ஒற்றை வரி ஆண்டு முழுதும் துணை நிற்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அட்டையில் ஆறுதல்தான் அச்சாகிறது. கண்டிப்பு அரிதாகவே இடம்பெறுகிறது.

மூன்றாவது, நிதானமாக வாசிப்பது. வாசிப்பு, தியானம், மன்றாட்டு, இறைவனில் அமைதல் என நான்கு படிகளை 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ வகுத்தார். நாசி ஆட்சிக்காலத்தில் ஃபிங்கன்வால்டே குருமடத்தை நடத்திய ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர், ஒரே பகுதியை ஒரு வாரம் முழுதும் தியானிக்கும்படி மாணவர்களைப் பழக்கினார். நான்காவது, கூடி வாசிப்பது. 1970களில் நிகராகுவாவின் சொலெந்தினாமே தீவுகளில் எர்னெஸ்தோ கர்தெனால் என்ற குரு, விவசாயிகளும் மீனவர்களும் நற்செய்தியைத் தங்கள் வாழ்க்கையோடு வைத்துப் பேசக் கேட்டார். தனியாக வாசிப்பவர் தமக்கு வசதியான பொருளையே எடுத்துக்கொள்ளக்கூடும். பக்கத்தில் ஒரு கூலிக்காரர் இருந்தால் அது அவ்வளவு எளிதல்ல.

வேதமும் இப்படிப்பட்ட பொறுமையான வாசிப்பைத்தான் கேட்கிறது. நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம் மூடனுக்கு அவன் போக்கில் மறுமொழி சொல்லாதே என்கிறது. 5ஆம் வசனம் சொல் என்கிறது. தொகுத்தவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருக்க முடியாது. எந்தச் சமயத்தில் எது பொருந்தும் என்று நிதானிப்பதை வாசிப்பவரிடம் விட்டிருக்கிறார்கள். இதில் ஒன்றை மட்டும் கிழித்தெடுத்து வைத்துக்கொண்டால் பாதி ஞானம்தான் கையில் இருக்கும்.

வேறு சில இடங்களில் தயக்கத்துக்கே இடமில்லை. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை, இல்லையென்றால் விழுந்து சாகிறவனின் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22. ஏழையின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு என்கிறது 24ஆம் அதிகாரம். பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதுகிறார். இவற்றைக் கடைப்பிடிக்க அடையாளம் எதுவும் கேட்கத் தேவையில்லை.

‘எனக்கு ஆண்டவர் என்ன சொல்கிறார்?’ என்று கேட்பது நியாயமே. ஆனால் அதற்குக் கிடைத்ததாக நாம் நினைக்கும் பதிலை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். நம் மாடியில் ஏறுகிறவருக்கும் நம்மிடம் கூலி வாங்குகிறவருக்கும் அந்தப் பதிலால் நன்மை உண்டா என்பதே அது. இல்லையென்றால் புத்தகத்தை மூட வேண்டாம்; அதே அதிகாரத்தை முதலிலிருந்து, இம்முறை இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும்.