களப்பும் கலப்பும்

மட்டக்களப்பு வாவியின் நீர் முழு உவரும் அல்ல, முழு நன்னீரும் அல்ல. மாரி வெள்ளம் பெருகினால் முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். வாவி கடலோடு சேரும். பிறகு கடலே மணலைக் கொண்டுவந்து வழியை அடைத்துவிடும். அந்த முகத்துவாரத்தை ஒட்டி, ஊரார் டச்பார் என்று சொல்லும் கரையில், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியரின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்கள் வீட்டில் பேசிய மொழி போர்த்துக்கேயம். தெருவுக்கு வந்தால் தமிழ்.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். 1638இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். கோட்டை கையில் இருந்தது பத்தே ஆண்டு, மொழியோ நானூறு ஆண்டை நெருங்கியும் முற்றாக மறையவில்லை. பின்னைக்காலனியக் கல்வியில் ‘கலப்புத்தன்மை’ என்று பேசப்படும் கருத்துக்குத் தமிழ்ப் பரப்பில் இதைவிட நல்ல சோதனைக்களம் கிடைப்பது அரிது.

இக்கருத்தை முன்வைத்த ஹோமி பாபாவின் ‘பண்பாட்டின் இருப்பிடம்’ 1994இல் நூலாக வந்தது. ஆள்பவனின் சொல்லை ஆளப்படுகிறவன் திருப்பிச் சொல்லும்போது அது பழைய சொல்லாக இருப்பதில்லை. அந்தச் சிறு பிசகில் ஆட்சியின் அதிகாரமே ஆட்டம் காண்கிறது என்பது அவர் வாதம். 1817இல் டெல்லிக்கு வெளியே ஒரு மரத்தடியில் கூடிய மக்கள், கையில் கிறிஸ்தவ வேதத்தை வைத்துக்கொண்டே மிஷனரிகளின் சடங்குகளை மறுத்த நிகழ்ச்சியை அவர் எடுத்துக்காட்டுகிறார். அடுத்த ஆண்டே ராபர்ட் யங் ஓர் எச்சரிக்கை எழுதினார்: ‘கலப்பினம்’ என்ற சொல் செடி, விலங்கு வளர்ப்பிலிருந்து வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இனவாத அறிவியலில் ஊறியது, அதன் கறையை மறந்து அதைக் கொண்டாடக் கூடாது.

இரண்டும் தேவையான பேச்சு. ஆனால் பாபாவின் ஆதாரம் பெரும்பாலும் ஏடுகளில் இருக்கிறது. மட்டக்களப்பின் கலப்பு நடந்தது பட்டறையிலும் அடுக்களையிலும்.

1970களில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் இங்கு வந்து பறங்கியரின் பேச்சை ஆராய்ந்தார். சொற்கள் போர்த்துக்கேயம், எலும்புக்கூடு தமிழ். வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போயிருந்தது. பெயருக்கு முன்னால் நிற்க வேண்டிய ‘பாரா’ என்ற சொல் தேய்ந்து, நமது ‘கு’ உருபைப் போலப் பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டது. லிஸ்பனில் ‘வீடு’ முதலில், ‘மரியாவின்’ பிறகு. இங்கே ‘மரியா-சு காஸ’. மட்டக்களப்பான் ‘மரியாட வீடு’ என்கிறானே, அதே வரிசை. யாரையும் எதிர்க்கவோ பின்பற்றவோ இவர்கள் இப்படிப் பேசவில்லை. தமிழ் பேசும் அயலாரோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில் மொழி தானே வளைந்தது. தமிழும் சும்மா இருக்கவில்லை: கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண், துவாய் எல்லாம் அந்த வழியில் வந்தவை. கதிரை செய்ததும் சப்பாத்து தைத்ததும் பல வேளைகளில் பறங்கியரின் கைகளே.

அந்தக் கைவேலையே அவர்களுக்கு இழிவாகவும் ஆக்கப்பட்டது. 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தந்தைவழி ஐரோப்பிய வம்சாவளியைக் கேட்டது. தச்சரும் கொல்லருமான கீழ்க்கரைப் பறங்கியரை ‘மெக்கானிக்’ என்று கொழும்பின் மேட்டுக்குடிப் பறங்கியர் தள்ளிவைத்தார்கள். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரையின் மையம் இந்தப் பிளவுதான். கலந்தவர்களுக்குள்ளேயே ‘குறையக் கலந்தவர்’ மேல் என்ற ஏணி இருந்தது. கோட்பாட்டு நூல்கள் இந்த ஏணியைப் போதிய அளவு பார்க்கவில்லை என்பதே நான் அவற்றில் காணும் குறை.

இன்னொன்று: கலப்பென்றால் ஐரோப்பியன் வந்துதான் ஆகவேண்டுமா? வாவிக்கரையில் இந்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் ‘குடி’ உண்டு. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் மணம் கூடாது. மகளுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கு வந்து குடியேறுவார். பொறுப்பாளராகக் கோயிலில் குடிக்கு வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிக்கு மரைக்கார். எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட முடியாத அளவுக்கு இது ஊறிப்போன உறவு.

அந்த உறவு காப்பாற்றவில்லை. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். ஒரே குடிமுறை, ஒரே மொழி, ஒரே வாவி. கலப்பு தானாகவே எல்லையைக் கரைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரு தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். எல்லையைக் கீறுவது பண்பாடு மட்டுமல்ல. நிலமும் ஆயுதமும் அரசும் சேர்ந்து கீறுகின்றன. பின்னைக்காலனியக் கோட்பாட்டின் மீது அய்ஜாஸ் அகமது போன்ற மார்க்சியர்கள் வைத்த குறையும் ஏறத்தாழ இதுதான்.

2004 டிசம்பர் 26இல் கடல் டச்பாரைக் கொண்டுபோனது. பறங்கியரில் பலர் மாண்டார்கள். தப்பியவர்கள் உள்ளே தள்ளிக் குடியமர்த்தப்பட்டார்கள். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும் அவர் குழுவும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியரின் போர்த்துக்கேயத்தை ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்தார்கள். இளையவர்கள் வீட்டிலும் தமிழுக்கு மாறிவருகிறார்கள். கல்யாண வீட்டில் வயலின் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டப் பாட்டைத் தொடங்கினால், பாட்டின் சொல் புரியாதவர்களும் வரிசை கட்டி ஆடப் போகிறார்கள்.